சோப்பா, ரெஸ்ட்டா? போன் திரைக்குப் பின்னால் ஒரு போட்டி!

போனில் பஸ் டிக்கெட் புக் செய்கிறீர்கள். சீட் காலியா என்று பஸ் கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டும். பணத்துக்கு வங்கியின் கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டும். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் இந்த கம்ப்யூட்டர்கள் எந்த முறையில் பேசிக்கொள்வது? 2000-களில் மென்பொருள் உலகம் இதற்காக இரண்டு கட்சியாகவே பிரிந்து நின்றது.

முதல் கட்சி, சோப். குளிக்கிற சோப் இல்லை! 1998-ல் மைக்ரோசாஃப்ட்டில் உருவாகத் தொடங்கிய முறை இது. ரிஜிஸ்டர் தபால் மாதிரி. ஒவ்வொரு செய்தியையும் எக்ஸ்.எம்.எல். உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். செய்திக்கே பூட்டும் கையெழுத்தும் போடலாம் என்பதால், நடுவில் நாலு கம்ப்யூட்டர் கைமாறினாலும் பயமில்லை. ஆனால், எடை அதிகம்.

இரண்டாவது, ரெஸ்ட். அமெரிக்காவின் ராய் ஃபீல்டிங் 2000-ல் தன் டாக்டர் பட்ட ஆய்வில் விளக்கியது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு இணைய முகவரி. 'கெட்' என்றால் கொடு, 'புட்' என்றால் வை, 'டெலீட்' என்றால் அழி. அவ்வளவுதான். போஸ்ட் கார்டு போல லேசானது.

அமேசான் 2002-ல் தன் இணையச் சேவையைத் தொடங்கியபோது இரண்டு கதவையும் திறந்து வைத்தது. அடுத்த ஆண்டே சுமார் 85% பயன்பாடு ரெஸ்ட் பக்கம் போய்விட்டது. கூகுளும் 2006 டிசம்பரில், தன் சோப் தேடல் சேவையில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. அதை நம்பிக் கட்டியவர்கள் மாற்று வழி தேட வேண்டியதானது.

அப்படியென்றால் ரெஸ்ட்தான் ஜெயித்ததா? முழுசாக இல்லை. 'கெட்' கோரிக்கையைப் பத்து முறை அனுப்பினாலும் எதுவும் மாறாது. ஆனால், பணம் கட்டும் கோரிக்கை பெரும்பாலும் 'போஸ்ட்' வழியாகப் போகும். பதில் வருவதற்குள் சிக்னல் போய், அதையே மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பணம் பிடிக்கப்படலாம். சோப் பக்கம் இதற்கென்றே தனி விதிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். ரெஸ்ட்டில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து டெவலப்பர்தான் தடுக்க வேண்டும்.

லட்சக்கணக்கான போன்கள் சட்டென்று தகவல் கேட்கும் இடத்தில் ரெஸ்ட் போதும். பல நிறுவனங்கள் கைமாற்றும் செய்திக்குக் கையெழுத்து அவசியம் என்றால் சோப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எந்த முறையாக இருந்தாலும், பணம் கட்டியபின் திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி பட்டனைத் தட்டாதீர்கள். வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!