கொழுந்துக்குத் தராசு உண்டு, கொய்பவளுக்கு?

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலே நிறுக்கப்படாத கொழுந்து இல்லை. நாளுக்குப் பலமுறை தராசு தூக்கப்படுகிறது. நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான்! இத்துணைக் கண்ணுங்கருத்துமாகக் கணக்குப் பார்க்கும் நிர்வாகத்தைக் கேட்கிறோம்: அந்தக் கொழுந்தைக் கொய்தவளின் மார்பிலே கட்டி உண்டா, இல்லையா என்று பார்த்தவர் எவர்?

இலங்கைப் பெண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம். முற்றிய பின் வந்தால் மருத்துவர் கையை விரிக்கிறார்.

"தோட்டத்துப் பெண்கள் அறியாமையினால் சோதனைக்கு வருவதில்லை" என்று கூறுவோர் உளர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வதற்கு நல்ல வாசகம்! 1996 முதல் இந்நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடைபெறுகிறது. 35 வயது எய்தியவளை அழைத்து மார்பையும் கருப்பைக் கழுத்தையும் சோதிக்கிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் வேலை நாளில் அங்கே போனால் பேர் போகும். பேர் போனால் அன்றைய அடுப்பு என்னாவது? தமிழ் தெரிந்த தாதி அங்கில்லாவிடில், மறைவிடத்து நோயை அவள் எந்த மொழியில் எடுத்துரைப்பாள்? 2017இல் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த டிக்கோயா மருத்துவமனை ஹட்டனுக்கு அருகில்தான் 150 படுக்கைகளோடு நிற்கிறது. மலை மடிப்பிலுள்ள லயத்திலிருந்து அங்கே இறங்கி வரும் நாளுக்குக் கூலி உண்டா? இதற்கா பெயர் அறியாமை?

இப்போது புதுக் குரலொன்று எழுந்துள்ளது. வீட்டிலேயே சோதிக்கும் கருவி வந்துவிட்டதாம். இனிக் கவலை இல்லையாம்! கருவி வந்தது மெய்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜனான் தாதெவிரென் என்னும் பெண் அறிஞர், தம் குடும்பத்துப் பெண்ணொருவரை 49 வயதில் இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். உள்ளாடையிற் பொருத்தும் மீயொலிப் பட்டையொன்றை அவர் குழு 2023இல் அறிவித்தது. 3 மில்லிமீற்றர் நீர்க்கட்டியையும் அது காட்டிற்று. திருச்சூரிலே சீமா என்னும் அறிவியலாளர் வெப்பத்தை உணரும் உள்ளாடை அமைத்து, 2019இல் இந்திய அரசின் நாரி சக்தி விருது பெற்றார். பாராட்டுகிறோம். ஆயினும் அந்தப் பட்டை அறிவிக்கப்பட்டபோது 71 வயதுப் பெண் ஒருவரிடமே சோதிக்கப்பட்டிருந்தது. வெப்ப முறையோ மமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

அதுவும் போகட்டும். வீட்டிலே என்கிறார்களே, எந்த வீட்டிலே? பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவிலா? மாமியாரும் வளர்ந்த மகனும் படுத்திருக்கும் ஓரறையில் கதவைச் சாத்திக்கொள்ளப் பத்து நிமிடம் எவளுக்கு வாய்க்கிறது? கருவி கட்டியைக் காட்டும், வெட்டி எடுக்காது. பிறகு ஊசிச் சோதனை, அறுவை, கதிர்மருத்துவம் என்று நுவரெலியா, கண்டி, மஹரகம வரை அலைய வேண்டும். ஒவ்வோர் அலைச்சலுக்கும் ஒரு பேர் இழப்பு!

ஷங்காய் ஆலைகளில் ஏறத்தாழ 266,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. தாமே மார்பைத் தடவிப் பார்க்கக் கற்றவரிடையேயும் மரணம் குறையவில்லை. மும்பையிலோ டாட்டா நினைவு மருத்துவமனையார் ஏறத்தாழ 151,000 பெண்களை 20 ஆண்டு தொடர்ந்தனர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கொருமுறை கையால் சோதித்த இடங்களில், 50 வயதைத் தாண்டியோரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என 2021இல் அறிவித்தனர். இளையோரிடம் அப்பயன் தெரியவில்லை. அதை ஒளிக்க வேண்டுவதில்லை. ஆனால் அங்கே உயிர் காத்தது விலையுயர்ந்த பொறியன்று. பழகிய பெண்ணின் விரல்!

அந்த விரல்கள் நம் லயங்களில் இல்லையா? க.பொ.த. படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்து, மருத்துவமாதுக்குத் துணையாக அவரவர் தோட்டத்துக்கே அனுப்பட்டும் அரசு. மருத்துவர்களே, ஆசிரியர்களே, உங்களிற் பலரைப் படிக்கவைத்தது இந்தக் கொழுந்துக் கூடைதானே? பயிற்றுவிக்க நீங்கள் வரலாகாதா? ஏர் பிடிக்கும் உழவரே, வயலில் நாற்று நடும் உங்கள் வீட்டுப் பெண்ணையும் எவரும் சோதிக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

கட்டி தென்பட்டால் 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023இல் வகுத்த இலக்கு. சோதனை நாளுக்கும், அதைத் தொடரும் ஒவ்வொரு மருத்துவமனை நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும் என்பது நம் கோரிக்கை. தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த சம்பளப் பேச்சிலே இதைக் கேட்பீர்களா, மாட்டீர்களா?