எலி மருந்தும் கடைவாய்ப் பல்லும்

என் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தால் ‘டிக்... டிக்...’ என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். புதுசாக வருகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தைத் தேடுவார்கள். கடிகாரம் அத்தைக்குள்ளேயே இருக்கிறது! மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று டாக்டர்கள் சொல்லுகிற ருமாட்டிக் காய்ச்சல், சின்ன வயசில் அவரைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. 1996-ல் உலோக வால்வு வைத்தார்கள்.

அதற்கு முன்பே, 1990-ல், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தில் நம் நாட்டு வால்வு வந்துவிட்டது. அதில் ஆடுகிற தட்டு பிளாஸ்டிக். சத்தம் கம்மி. “அதை வச்சிருந்தா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேன்” என்று மாமா இன்றைக்கும் குறைப்படுவார். (மாமாவின் குறட்டை திருநகர் மூணாவது ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்பது வேறு விஷயம்.)

இந்த மாதிரி வால்வு எதுவானாலும், ரத்தம் அதன் மேல் உறைந்து கட்டியாகப் பார்க்கும். அதனால் ஆயுசுக்கும் தினம் ராத்திரி வார்ஃபரின் மாத்திரை.

சமீபத்தில் அத்தைக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. பல்லை எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது.

மாமா காலையில் வாக்கிங் போகிற கோஷ்டியில் இல்லாத ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. இருதயத்துக்கு அங்கே ஒரு ரிட்டையர்டு தாசில்தார்.

“மாத்திரைய நிறுத்தாமப் பல்லைப் புடுங்குனா ரத்தம் வைகையாட்டம் ஓடும்ணே!”

வைகையில் கடைசியாக எப்போது தண்ணீர் ஓடியது என்று மாமா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தவர், அத்தையிடம் சொன்னால் சண்டை வரும் என்று மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, “கடையில ஸ்டாக் இல்லையாம்” என்று சாதித்துவிட்டார். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை. நாலு ராத்திரி!

அஞ்சாம் நாள் நான்தான் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசுப் பெண். முதல் வேலையாக ஐ.என்.ஆர். ரிப்போர்ட் கேட்டார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லுகிற கணக்கு அது. மாத்திரை போடாத உங்களுக்கும் எனக்கும் ஒன்றை ஒட்டி இருக்கும். அத்தைக்கு இருதய டாக்டர் விதித்தது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில். ரிப்போர்ட்டில் 1.4.

“மாத்திரை சாப்பிடலையாம்மா?”

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

“இல்லம்மா... ரத்தம் நிக்காதேன்னுதான்...”

“ஐயா, வாயில ரத்தம் வந்தா நான் பஞ்சை வச்சு அமுக்கிருவேன். வால்வுல கட்டி உட்கார்ந்து, அது மூளைக்குப் போச்சுன்னா, யாரு கையை விட்டு அமுக்குறது?”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே இருதய டாக்டரிடம் ஓடினோம். வயிற்றில் ஊசி, கூடவே பழையபடி மாத்திரை. ஒரு வாரத்துக்குப் பிறகு 2.7.

தாசில்தாரையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே சில நாள் நிறுத்தச் சொன்னதுண்டு. இப்போது ஐ.என்.ஆர். நாலுக்குக் கீழே இருந்தால் வார்ஃபரினை நிறுத்தாமலே ஒன்றிரண்டு பல் எடுக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களும் தானாக நிறுத்தக் கூடாது. புதுசாக வந்திருக்கிற சில மாத்திரைகளில் அன்றைக்குக் காலை வேளையை மட்டும் தள்ளிப் போடச் சொல்வதுண்டு. அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கிளினிக்கில் காத்திருந்தபோது வார்ஃபரினின் பூர்வோத்தரத்தை எடுத்துவிட்டேன். 1933-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், கொட்டுகிற பனியில், செத்த மாட்டையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் கூடத்துக்கு வந்தார். மாட்டைக் கொன்றது கெட்டுப்போன தீவனம். அதிலிருந்த சரக்கைக் கண்டுபிடித்து, அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது! 1955-ல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள்.

“எலி மருந்தா? இம்புட்டு வருஷமா உங்க அத்தைக்கு எலி மருந்தா குடுத்திருக்கேன்?”

“நீங்க வச்ச ரசத்தையே தாங்குன ஒடம்பு இது” என்றார் அத்தை, வீங்கின கன்னத்தோடு.

பல் எடுக்க மாமா வெள்ளிக்கிழமை கேட்டார். “திங்கள் காலையில வாங்க. ராத்திரி கசிஞ்சாலும் மறுநாள் நான் இருப்பேன். வெள்ளிக்கிழமை எடுத்தா ஞாயித்துக்கிழமை யாரைத் தேடுவீங்க?” என்றார் டாக்டர். திங்கள் ராகுகாலம் ஒன்பதோடு முடிந்துவிடுவதால் மாமாவும் சம்மதித்தார்.

ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக். பல் இடுக்குக் கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் குடித்தனம் வைத்துவிடாமல் இருக்க. பிடுங்கினது ரெண்டு நிமிஷம். குழியில் கரைகிற ஸ்பாஞ்ச், மேலே ரெண்டு தையல், அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு மௌன விரதம். (மாமா இதை அனுபவித்தார்.) வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகாது. பல் வீக்கத்துக்கு வழக்கமாக எழுதுகிற மெட்ரோனிடசோலையும் எழுதவில்லை. வார்ஃபரினை அது ஏகத்துக்கும் ஏற்றிவிடுமாம். அன்றைக்குக் காபி சூடாகக் கூடாது, துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. ஜிகர்தண்டா? சாப்பிடலாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் ஸ்பூனால்!

சாயங்காலம் எச்சிலில் லேசாகச் சிவப்பு. மாமாவுக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் எச்சிலோடு சேர்ந்தால் ஒரு டம்ளராகத் தெரியும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். புதுப் பஞ்சை வைத்துக் கடித்ததும் நின்றுவிட்டது. ராத்திரி மாமாவே டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

நான் அங்கேயே படுத்துவிட்டேன். ரெண்டு மணி இருக்கும். கண் விழித்தால், மாமா அத்தையின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, டார்ச்சும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

“என்ன மாமா, ரத்தம் ஏதும்...?”

“தலகாணி சுத்தமாத்தான் இருக்கு மாப்ளே.”

“அப்பப் படுக்க வேண்டியதுதானே?”

“இரு. டிக் டிக் ஒழுங்கா வருதான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

கண்ணைத் திறக்காமலே அத்தை சொன்னார்: “நீங்க வாயை மூடுனாத்தானே கேக்கும்!”