வெல்லம்பிட்டியில் வீடு மலிவுதான், அடக்கவிலை என்ன?

மகளுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டால் நம் வியாபாரிகளில் அநேகர் மாப்பிள்ளை தேடுவதற்கு முன்னரே வீடு தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வழக்கம் சரியா, பிழையா என்பதை உலமாக்கள் பல தடவை சொல்லிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை. வீட்டை எங்கே தேடுகிறார்கள் என்பதுதான் இன்றைய விடயம். வாழைத்தோட்டத்திலும் புதுக்கடையிலும் மருதானையிலும் நடுத்தர வியாபாரி ஒருவரால் இனி வாங்க முடியாது. தெஹிவளையும் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எஞ்சுவது வத்தளை, மாபோலைப் பக்கம். இல்லாவிட்டால் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம். இவற்றில் புறக்கோட்டைக்குக் கிட்டவும் இருந்து, விலையிலும் இறங்கி வருவது வெல்லம்பிட்டியின் உட்புற ஒழுங்கைகள்தான்.

"நானா, வெல்லம்பிட்டியில ஒரு வீடு வந்திருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டு அண்மையில் மாத்திரம் மூன்று பேர் என் கடைக்கு வந்துவிட்டார்கள். மூவருக்கும் நான் சொன்னது ஒரே பதில்தான்: ஊரைப் பார்த்து வாங்காதீர்கள், ஒழுங்கையைப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் அந்த ஊருக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வெல்லம்பிட்டி என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள். அது சரியல்ல. பள்ளிவாசல், மத்ரஸா, ஹலால் சாப்பாட்டுக்கடை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. அவிசாவளை வீதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் ஒருகொடவத்தையிலிருந்து பேலியகொடைப் பக்கம் போவது முன்னரைவிட இலகு. மீதொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அதன் பின்னர் அங்கே குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பெயரை வைத்து முழு ஊரையும் தள்ளிவைக்க முடியாது.

ஆனால் தண்ணீர் விடயம் வேறு. அதை ஒருவராலும் பேரம் பேசிக் குறைக்க முடியாது.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தன. 2024இலும் தாழ்வான ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வெள்ளம் கொழும்பில் பெய்யும் மழையினால் மாத்திரம் வருவதல்ல. கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் பெய்த மழை இறங்கி வருவதற்குள் இங்கே வெயிலும் எறித்துவிடும். நாகலகம் வீதி நீர்மானியில் மட்டம் 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்று கணக்கு. கங்கை அப்படி நிறைந்திருக்கும்போது கால்வாய்த் தண்ணீர் கங்கைக்குள் இறங்க வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

அது எங்கே தேங்கும் என்பதை அறிய ஒரு சின்ன வழி இருக்கிறது. காணி உறுதியை எடுத்து, காணியின் பழைய சிங்களப் பெயரைப் பாருங்கள். 'வத்த' என்று முடிந்தால் பெரும்பாலும் மேட்டு நிலத் தோட்டம். 'கும்புர' என்றால் வயல், 'தெனிய' என்றால் தாழ்ந்த வயல் நிலம், 'ஓவிட்ட' என்றால் வயலுக்கும் மேட்டுக்கும் இடைப்பட்ட ஈர நிலம், 'வில' என்றால் குளம், சதுப்பு. நூறு வருடத்துக்கு முன்னர் பெயர் வைத்தவர்களுக்குக் காணி விற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆகவே உள்ளதைச் சொல்லி வைத்தார்கள். இன்று அந்த வயலை மண் போட்டு நிரப்பி, எட்டு பேர்ச், பத்து பேர்ச்சாகத் துண்டு போட்டு, ஒரு ஆங்கிலப் பெயர்ப்பலகையும் நட்டுவிடுகிறார்கள். நிரப்பிய காணி என்றால் வயலை நிரப்பக் கமநல அபிவிருத்தித் திணைக்கள அனுமதி இருந்ததா என்று நொத்தாரிசு மூலம் கேளுங்கள். அனுமதி இல்லாத காணிக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் இழுபறியாகும். இன்னொன்று, நீங்கள் உங்கள் காணியை உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அடுத்த வருடம் அவரும் உயர்த்துவார். அப்புறம் ஒழுங்கையே வாய்க்கால்தான்.

விற்பவரிடம் "தண்ணீர் வருமா?" என்று கேட்பது வீண். எந்த வியாபாரி தன் சரக்கில் ஓட்டை இருக்கிறதென்று சொல்வார்? மூலைக்கடைக்காரரிடம் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். ஒழுங்கையில் உள்ள மதில்களைப் பாருங்கள், சேற்றுக் கோடு புதுப் பெயின்டுக்கு மேலாகவும் தெரியும். மின்சார மீட்டரை எத்தனை அடி உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

இனி நம் தொழிலோடு சம்பந்தப்பட்ட விடயம். சைனாவிலிருந்து ஒரு கொள்கலன் இறக்கும்போது அங்கே கொடுத்த விலையை மாத்திரம் வைத்து நாம் இலாபம் பார்ப்பதில்லை. கப்பல் கூலி, தீர்வை, கிளியரிங், லொறி, உடைந்தது, நனைந்தது எல்லாம் சேர்த்து அடக்கவிலை போடுகிறோம். வீட்டை வாங்கும்போது மாத்திரம் பேர்ச் விலையோடு கணக்கை மூடிவிடுகிறோமே, ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தவர் காலை நெரிசலிலும் மாலை நெரிசலிலும் போகவர ஒன்றரை மணித்தியாலம் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 300 நாட்கள் என்றால் 450 மணித்தியாலம். பத்து மணித்தியாலம் ஒரு கடை நாள் என்றால் 45 நாட்கள். லுஹருக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதும் நின்றுவிடும். பெட்ரோலையும் முச்சக்கர வண்டியையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

பாடசாலை அடுத்தது. அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தர அனுமதியில் அரைவாசி இடம் அருகில் வசிப்போருக்கு. அதற்கு ஐந்து வருட வாக்காளர் இடாப்பு பார்க்கப்படுகிறது. நாலு வயதுப் பிள்ளையோடு கொழும்பை விட்டு எழும்புகிறவர் பழைய இடத்தின் உரிமையை இழக்கிறார், புதிய இடத்திலும் புள்ளி சேர்ந்திருக்காது. புதுமணத் தம்பதிக்கு இந்தச் சிக்கல் இல்லை, போன வருடமே இடாப்பில் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது சரக்கு. நம்மவர்களுக்கு வீட்டின் கீழ்த்தட்டைக் களஞ்சியமாக்கும் பழக்கம் இருக்கிறது. புறக்கோட்டையில் களஞ்சிய வாடகை கட்டுப்படியாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் 2016 வெள்ளம் வந்தது மே நடுப்பகுதியில். றமழானுக்கு இருந்தது மூன்று வாரம். பெருநாள் சரக்கெல்லாம் வந்து இறங்கியிருந்த நேரம். எனக்குத் தெரிந்த ஒரு புடவை வியாபாரி சாறி, சல்வார், பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றையும் வீட்டில் வைத்திருந்தார். குடும்பத்தைப் பள்ளிவாசலில் கொண்டுபோய் விட்டார், அங்கே இன பேதம் பாராமல் எல்லோருக்கும் சமைத்துக் கொடுத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். சரக்கு போய்விட்டது. காப்புறுதி இருந்தது, ஆனால் அது கடை முகவரிக்கு. வீட்டில் இருந்த சரக்குக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. முன்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகளோ ஒவ்வொன்றாக வங்கிக்கு வந்துகொண்டிருந்தன. அந்த வீட்டில் அவர் மிச்சப்படுத்திய பணம் அந்தப் பெருநாளோடு சரி.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். வெல்லம்பிட்டியில் மேட்டு ஒழுங்கைகள் இருக்கின்றன. 2016இலும் 2025இலும் வாசலுக்குத் தண்ணீர் வராத வீடுகள் இருக்கின்றன. அவற்றின் விலை கொஞ்சம் கூட, அந்த வித்தியாசத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். தாழ்ந்த ஒழுங்கையில் பாதி விலைக்கு வந்தாலும் மகளுக்கென்று வாங்காதீர்கள். நீங்கள் வாங்கிவிட்டு உங்கள் வீட்டில் இருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்குக் கைக்குழந்தையோடு மேசைக்கு மேல் ஏறி நிற்பது அவள். அந்த வீட்டை விற்கவும் அவளுக்கு மனம் வராது, வாப்பா தந்தது என்பாள். விற்க நினைத்தாலும் வெள்ளம் வந்த வருடத்தில் வாங்க ஆள் இருக்காது.

கடை முதலில் கை வைத்து வாங்குவதையும் நான் ஆதரிக்கவில்லை. சரக்கில் சுழலும் பணத்தைக் காணியில் போட்டுவிட்டு, பிறகு தவணைக்குச் சரக்கு எடுத்து மூச்சுத் திணறுகிறவர்களை மெயின் ஸ்ட்ரீட்டில் தினமும் பார்க்கிறேன். முடிந்தால் ஒரு வருடம் அதே ஒழுங்கையில் வாடகைக்கு இருந்து பாருங்கள். மே, ஜூன் ஒரு மழை, ஒக்டோபர், நவம்பர் இன்னொரு மழை. இரண்டையும் கண்டபின் முற்பணம் கொடுக்கலாம்.

கேட்டு வந்த மூவரில் ஒருவர் அப்படித்தான் செய்திருக்கிறார். மகளையும் மருமகனையும் அவிசாவளை வீதிக்குக் கிட்ட ஒரு மேல்மாடியில் வாடகைக்கு வைத்துவிட்டு, நவம்பர் கழியட்டும் பார்க்கலாம் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறாராம். தரகர் என்னோடுதான் கோபமாக இருக்கிறார்.