நோய் பிள்ளையிடம் இல்லை



கணினித் துறையில் பிழை திருத்துவது என் தொழில். காரணம் அல்லாததைத் திருத்த முனைந்தால் பிழை பெருகும். திருநங்கையர், திருநம்பியரின் மனச்சோர்வைக் குறித்து நம்மவர் செய்யும் தவறும் அதுவே.

2018இல் நியூசிலாந்தில் மாறிய பாலினத்தவர் 1,178 பேரிடம் ஆய்வு நடந்தது. 71 விழுக்காட்டினர் கடும் மன உளைச்சலில் இருந்தனர். பொதுமக்களிடையே அது 8 விழுக்காடே. ஆயினும், குடும்பம் அரவணைத்தவர்களிடையே தற்கொலை முயற்சிகள் குறைவாக இருந்தன. வாட்டுவது பாலின அடையாளம் அன்று, புறக்கணிப்பே. 2019இல் ஏற்கப்பட்ட உலக நோய்ப் பட்டியலும் இதனை மனநோய்களிலிருந்து நீக்கிவிட்டது.

ஆனால் இங்கே கிளென் ஈடனிலும், "ஊருக்கு அழைத்துப்போய்க் குணப்படுத்துங்கள்" என்னும் அறிவுரையைக் கேட்கிறேன். அந்த ஊரின் நிலை என்ன? ஒருபாலின இணையரின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்குப் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் கற்றார். 2021 சூன் மாதம், பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். நியூசிலாந்தும் 2022இல் இத்தகைய முயற்சிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது.

நீதிபதியே கற்க நாணவில்லை; நாம் ஏன் நாண வேண்டும்? பிள்ளை மனம் திறந்தால் குறுக்கிடாது கேளுங்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அஞ்சாதீர்கள். பிள்ளையை இழந்த வீட்டிற்கு அந்த நாலு பேர் ஒருநாள் வந்து செல்வர், அவ்வளவே.

இளையோரே, துயர் மிகுந்தால் 1737 என்னும் இலவச எண்ணை எந்நேரமும் அழையுங்கள். நீங்கள் தனியர் அல்லர்.