மீனுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

மயிலாப்பூர் அடுக்ககங்களில் மீன் தொட்டி இப்போது சகஜமாகிவிட்டது. பேரன் கேட்டான் என்று வாங்குவார்கள். அவன் லீவு முடிந்து ஊருக்குப் போனதும் தொட்டி தாத்தா பாட்டி பொறுப்பில் வந்து சேரும். மீன் சுணங்கினால் அக்கம்பக்கத்தார் என்னைக் கூப்பிடுவது வழக்கம். நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற குமாஸ்தா. பல வருஷமாகத் தொட்டி வைத்திருக்கிறவன் என்ற உரிமையில் மட்டும் சொல்கிறேன்: மீனுக்கு உடம்பு சரியில்லை என்றதும் கேப்ஸ்யூல் வாங்க ஓடும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

"மீன் மேலே வந்து வாயைப் பிளக்குது" என்றாலும், "வால் கிழிஞ்சிருக்கு" என்றாலும், "உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி" என்றாலும் பல கடைகளில் பதில் ஒன்றுதான். ஒரு டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைக் கொடுத்து, பிரித்துத் தண்ணீரில் கொட்டச் சொல்கிறார்கள். மனுவைப் படிக்காமலே உத்தரவு போடுவது மாதிரி.

டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து. வெள்ளைப் புள்ளி வருவது பாக்டீரியாவால் அல்ல, ஓர் ஒட்டுண்ணியால். மேலே வந்து வாயைப் பிளப்பது பெரும்பாலும் நோயே அல்ல, மூச்சுத் திணறல். இன்னொரு சங்கதியும் உண்டு. நம் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தச் சத்து டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும். அதே சமயம் தொட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் அது ஆபத்து.

அந்த நல்ல பாக்டீரியாதான் தொட்டியின் உயிர்நாடி. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் மீன்கள் வரிசையாகச் சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் அந்த பாக்டீரியாவும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

நம் பேட்டையில் தண்ணீர் ஒரு தினுசு அல்ல. மெட்ரோ தண்ணீர், போர், லாரி, கேன் என்று நாலு. மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு. அதைப் போக்கக் கடையில் விற்கும் சொட்டு மருந்து அனேகமாக சோடியம் தயோசல்பேட்தான். போட்டோ ஸ்டூடியோக்களில் 'ஹைப்போ' என்பார்களே, அதே சரக்கு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரியை நம்பியிருந்தது நினைவிருக்கும். போரிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கேனுக்கு என்று திடீரென்று மாற்றினால் மீன் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

ஆகவே மீன் சுணங்கினால் முதல் வேலை, தொட்டியில் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போக்கிய, அதே சூடுள்ள தண்ணீரை விடுவது. இரண்டாவது, ஒரு நாள் தீனியை நிறுத்துவது. மூன்றாவது, ஏர் பம்பைக் கூட்டி வைப்பது. அம்மோனியா பார்க்கும் சோதனைக் குப்பி கடையில் கிடைக்கும். பல கேப்ஸ்யூல்களை விட அது உபயோகம்.

அதன் பிறகு உட்கார்ந்து மீனைப் பாருங்கள். எல்லா மீனும் ஒரே நேரத்தில் திணறினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் ஒதுங்கினால் அந்த மீனைச் சந்தேகியுங்கள். கோல்ட் ஃபிஷ் வயிறு உப்பி மிதந்தால் பெரும்பாலும் அதிகத் தீனி. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் பல சமயம் சரியாகும். செதில்கள் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்புக் கெட்டிருக்கிறது, பிழைப்பது அபூர்வம். அதைத் தனியே வைத்து, குழந்தைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

உப்புத் தூவினாற்போல் புள்ளி இருந்தால் அதுதான் அந்த ஒட்டுண்ணி. 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குப் பெயர் வைத்தார். மீன் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. அது கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால்தான் 'ஒரு நாள் மருந்து போட்டேன், கேட்கவில்லை' என்கிறோம். கப்பி, மோலி மாதிரி மீன்களுக்கு லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பைத் தவணையாகக் கரைத்து, பத்துப் பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டும். தரையில் மேயும் செதிலில்லா மீன்களுக்கும் செடிகளுக்கும் உப்பு ஆகாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு ஷான் வில்ப்ரோ-பவர் மேல் தனி மரியாதை. தையல் வேலை பார்த்த பிரெஞ்சுப் பெண்மணி. கல்யாணமாகி சிசிலியில் வாழ்ந்தார். ஆர்கனாட் என்ற ஆக்டோபஸ் வகை தன் ஓட்டைத் தானே செய்கிறதா, பிறரிடம் பறிக்கிறதா என்று அறிய 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து கவனித்தார். தானே செய்கிறது என்று நிரூபித்தார். அலங்காரத்துக்கு அல்ல, பார்ப்பதற்காகப் பிறந்தது மீன் தொட்டி.

கடைசியாக ஒன்று. நம் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே மத்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இறால் நோய்களை ஆராயும் இடம். இறால் பண்ணைகளில் குளோராம்பெனிகால் முதலான பல ஆன்டிபயாடிக்குகளுக்குத் தடை உண்டு. மருந்தின் மிச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும். வீட்டுத் தொட்டிக்கு மட்டும் சீட்டில்லாமல் கேப்ஸ்யூல் கிடைக்கிறது. அந்தத் தண்ணீரும் நம் சாக்கடைக்குத்தானே போகிறது? மருந்துக்கு மசியாத கிருமி நாளை மனிதனிடமும் வரும். நம் வயசில் ஒரு சளி நெஞ்சில் இறங்கினால் அந்த மருந்துகளைத்தானே நம்பியிருக்கிறோம்.

மீன் விற்கிறவர்கள் கேப்ஸ்யூலுக்குப் பதில், தண்ணீர் மாற்றும் விதத்தைக் கால் பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். நாமும் தொட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, தண்ணீர் மாற்றிய தேதி, போட்ட தீனி, கண்ட மாற்றம் மூன்றையும் எழுதலாம். நமக்கு நேரத்துக்கா பஞ்சம்?