மூக்கில் டியூப், கையில் கட்டு

முற்றிய மறதி நோயில் ஒரு கட்டம் வரும். வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்து, கன்னத்தில் அடக்கியபடியே உட்கார்ந்திருப்பார் முதியவர். தண்ணீர் கொடுத்தால் புரையேறும். மருத்துவமனையில் சேர்த்தால் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடுகிறார்கள். அவர் பிடுங்கிப் போடுவார். மறுபடி போடுவார்கள். மறுபடியும் பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். எதற்குக் கட்டினார்கள் என்பது அவருக்கு விளங்கப்போவதில்லை.

‘பட்டினி போட்டுட்டாங்க’ என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் டியூபுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. டியூபால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை அவர்களிடம் சொல்லாததுதான் குறை.

மூக்கு வழியாக அல்லாமல், வயிற்றில் துளையிட்டுப் பொருத்தும் ‘பெக்’ டியூபை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற மருத்துவர்கள் உருவாக்கியது விழுங்க முடியாத குழந்தைகளுக்காக. பிறகு அது முதியோர் இல்லங்களுக்குள் புகுந்தது. 1999-இல் ஃபினுகேன் என்ற மருத்துவரின் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். முற்றிய மறதி நோயில் டியூப் ஆயுளைக் கூட்டியதற்கோ, நிமோனியாவைத் தடுத்ததற்கோ, படுக்கைப்புண்ணை ஆற்றியதற்கோ சான்று சிக்கவில்லை. சொந்த எச்சிலே நுரையீரலுக்குள் இறங்கும்போது டியூப் எதைத் தடுக்கும்? அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் கையால் பக்குவமாக ஊட்டச் சொல்கிறது. அந்நாட்டு இல்லங்களில் இந்நோயாளிகளுக்கு டியூப் பொருத்துவது 2000-இல் 11.7 சதவீதமாக இருந்து 2014-இல் 5.7 சதவீதமாகக் குறைந்தது.

எல்லோருக்கும் இதே கணக்கைப் போடக் கூடாது. பக்கவாதத்தில் விழுங்கச் சிரமப்படுபவர், கடும் மனச்சோர்வில் சாப்பாட்டையே ஒதுக்குபவர், உணவை ஒதுக்கும் அனோரெக்ஸியா நோயில் எலும்பும் தோலுமான இளம்பெண் ஆகியோருக்கு டியூப் உயிர் காக்கலாம், தேறியதும் எடுத்துவிடலாம். மறதி நோயாளியே திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினாலும் முதலில் வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றைப் பார்க்க வேண்டும்.

ஊட்டுவதற்கும் முறை உண்டு. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த பருப்புச் சாதத்தில் அரைக் கரண்டி. தொண்டை ஏறி இறங்கிய பிறகே அடுத்த வாய். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். வார்டில் அதற்கு ஆள் கிடையாது; வீட்டில் அது மகள் அல்லது மருமகள் தலையில் விழுகிறது. டியூப் சுலபமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கையெழுத்துக் கேட்டால், “இதை எப்போது எடுப்பீர்கள்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால், ஊட்டக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.