பறவையைச் சூழ்ந்த நிலம்

நுழையும்முன்

பறவைகளை ஒளிப்படம் எடுப்பது இன்று இளைஞர் பலரின் விருப்பப் பொழுதுபோக்கு. அத்தகைய படம் எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிடக் கூடாது என்பதைச் சென்னையின் வடகோடியிலுள்ள எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூரில், ஓதம் வற்றும் வேளைகளில் சேற்றுப்பரப்பு மெல்ல வெளித்தெரியத் தொடங்கும். அதற்காகவே காத்திருந்தவைபோல உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே இறங்கும். ஆழமான நீர்ப்பகுதியில் கூழைக்கடாக்கள் மிதக்கும். மீன்பிடி வலைகளின் மேலே ஆலாக்கள் வட்டமிடும். நீண்ட தொலைநோக்கு வில்லை பொருத்திய ஒளிப்படக்கருவியோடு கரையில் நிற்பவர்களையும் அங்கே காணலாம். அவர்கள் எடுத்துச்செல்லும் படங்களில் பறவையின் ஒவ்வோர் இறகும் துல்லியமாக இருக்கும். அதன் பின்னால் நீலமோ சாம்பலோ கலந்த மங்கலான ஒரு நிறத்திரை மட்டும் இருக்கும். அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள், சாம்பல் கரைசலைக் கொண்டுசெல்லும் குழாய்கள், உயரழுத்த மின்கம்பிகள், கழுத்தளவு நீரில் இறால் தடவும் மனிதர்கள் ஆகிய எவையும் அப்படத்தில் இரா. அது எண்ணூரில் எடுக்கப்பட்டது என்று எடுத்தவர் சொன்னால்தான் தெரியும்.

இது தற்செயலாக நேர்வதன்று. வில்லையின் இயல்பே அதற்கு ஒரு காரணம். 50 மில்லிமீட்டர் குவியத்தொலைவு கொண்ட வில்லை ஏறத்தாழ 46 பாகை அகலமுள்ள காட்சியை உள்வாங்கும். 600 மில்லிமீட்டர் வில்லை உள்வாங்குவதோ ஏறத்தாழ 4 பாகை மட்டுமே. தொலைவில் இருப்பதை அருகில் கொண்டுவந்து காட்டுவதற்கு அது கொடுக்கும் விலை, சுற்றியிருப்பவற்றை வெட்டி எறிவதுதான். எஞ்சிய பின்புலத்தையும் வில்லையின் அகன்ற துளை மங்கச் செய்துவிடுகிறது. ஆயினும் குறையை முழுவதும் கண்ணாடியின் மீது சுமத்திவிட முடியாது. புகைபோக்கி தெரியாத கோணத்தைத் தேடி இருபது அடி தள்ளி நிற்பவர் மனிதர்தாம். தெரிந்துவிட்டால், வீட்டுக்கு வந்து கணினியில் அதை அழிப்பவரும் அவரே.

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இக்குறையை விளக்குவது எளிது. அகப்பொருளுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. புள், விலங்கு, மரம் முதலியன அந்நிலத்திலும் பொழுதிலும் தோன்றும் கருப்பொருள்கள். சங்கப் பாடல்களில் நாரை வந்தால் அதனுடன் கழியும் தாழையும் மீனுண்ணும் வேளையும் வந்துவிடுகின்றன. நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த தனிப்பறவையைப் புலவர்கள் பெரும்பாலும் பாடவில்லை. இடமும் நாளும் இல்லாத பறவைப் படம் முதற்பொருளைத் தொலைத்துவிட்ட கருப்பொருள். சுவரில் மாட்டுவதற்கு அது அழகாக இருக்கும். அந்நெய்தல் நிலத்தைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல இயலாது.

படத்தால் சொல்ல முடிந்த ஒரு காலமும் எண்ணூரில் வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையில் பெருமழையைக் கொட்டியது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளநீரோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகுகளும் வலைகளும் கருப்பாயின. அலையாத்தி மரங்களின் வேர்களில் எண்ணெய் படிந்தது. மீனவர்கள் தம் கைகளாலேயே எண்ணெயை அள்ளி வாளிகளில் நிரப்பினர். அந்நாள்களில் எடுக்கப்பட்ட கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வெளிவந்தன. வெண்மையாக இருக்க வேண்டிய மார்பும் வயிறும் கரும்பழுப்பாகக் கறைபட்டிருந்த அப்படங்களைக் கண்டவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

இறகுகளில் எண்ணெய் படிந்தால், அவை நீரை ஒட்டவிடாமல் உடலைக் காக்கும் ஆற்றலை இழக்கின்றன. அலகால் இறகைக் கோதித் தூய்மை செய்ய முயலும் பறவை அந்நஞ்சை விழுங்கவும் செய்கிறது. கரையிலிருந்து வெறுங்கண்ணால் பார்ப்பவருக்குக் கூழைக்கடா வழக்கம்போல மிதப்பதாகவே தோன்றும். அதன் உடலில் எந்த இடம்வரை எண்ணெய் ஏறியிருக்கிறது என்பதை, அதைக் கலைக்காமல் தொலைவிலிருந்தே காட்டியவை நீண்ட வில்லைகள். பொழுதுபோக்குக் கருவியாக வாங்கப்பட்ட ஒன்று சான்று தரும் கருவியாக மாறிய இடம் அது. ஊடகச் செய்திகள் பரவியதும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஒளிப்படங்கள் மட்டுமே அதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். மீனவர்களின் குரலே முதன்மையானது. ஆனால் அக்குரலுக்குப் பக்கத்தில் நாளும் இடமும் குறித்த படங்கள் இருந்தன என்பதைப் புறக்கணிக்க முடியாது.

துடிக்கும் உயிரைக் காப்பாற்றாமல் படமெடுத்துக்கொண்டு நிற்பது இரக்கமற்ற செயல் என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் எண்ணூரைப் பொறுத்தவரை பொருந்தாது. எண்ணெய் படிந்த பறவையைப் பயிற்சியில்லாதவர் துரத்தினால், அது எஞ்சிய வலிமையையும் பறப்பதில் இழந்துவிடும். பிடித்துத் தூய்மை செய்வது வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் செய்ய வேண்டிய பணி. பறவை எங்கே நிற்கிறது, எந்நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வதே ஒளிப்படக் கலைஞரால் செய்யக்கூடிய உதவி.

தமிழகத்தில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் இயற்கை அறிஞர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவர் பயன்படுத்திய ஒளிப்படக்கருவி பல பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்டது. அதன் பருமனைக் கேலிசெய்து அதற்கொரு பெயரும் சூட்டியிருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களை எடுப்பதே அவர் வழக்கம். எடுத்ததோடு நில்லாமல், கண்டதை எழுதியும் வைத்தார். இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் அவருடையது எளிய கருவி. எனினும் அவர் விட்டுச்சென்றதைப் போன்ற பதிவுகளை, நொடிக்கு இருபது படங்கள் எடுக்கும் கருவி வைத்திருப்போரில் எத்தனை பேர் விட்டுச்செல்வர்?

தொலைவு என்னும் நாகரிகம்

நூறாண்டுகளுக்கு முன்னர்ப் பறவையைப் படமெடுக்க அதன் அருகில் சென்றே ஆகவேண்டும். இங்கிலாந்தின் கியர்ட்டன் உடன்பிறந்தார், பாடம்செய்யப்பட்ட மாட்டின் உடலுக்குள் ஒளிந்திருந்து படமெடுத்தார்கள். அத்தகைய வேடிக்கை இனித் தேவையில்லை என்று ஆக்கியது தொலைநோக்கு வில்லை. வியப்பு என்னவெனில், அவ்வில்லையைக் கையில் வைத்துக்கொண்டே மேலும் பத்தடி நெருங்க விரும்புவோர் பலர். பறவைக்கூட்டம் ஒருசேர எழும் காட்சிக்காகக் கல்லெறியும் வழக்கமும் ஆங்காங்கே உண்டு.

எண்ணூர்ச் சேற்றில் இரைதேடும் உள்ளான்களில் பல, வட ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வலசை வருபவை. சேறு வெளித்தெரியும் சில மணி நேரத்துக்குள் அவை உண்டு முடிக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் திரும்பிச் செல்வதற்குரிய கொழுப்பை உடலில் சேர்ப்பதும் அந்த நேரத்தில்தான். ஒருமுறை அவற்றை எழுப்புவது, அவற்றின் உணவு வேளையில் ஒரு பகுதியைப் பறிப்பதாகும். அடுத்த படக்காரரும் எழுப்புவார், அதற்கடுத்தவரும் எழுப்புவார்.

கூட்டைப் படமெடுப்பது இன்னும் கொடியது. ஆள்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையில் முட்டையிடும். மனிதர் நெருங்கினால் கத்திக்கொண்டே எழுந்து பறக்கும். அந்தக் கூச்சலைக் காகங்களும் கேட்கின்றன. தாய் விலகியிருக்கும் நேரம் நீண்டால் வெயிலே முட்டையைக் கெடுத்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி இல்லாததால் தான் வேட்டையாடவில்லை என்று ஒருவர் கருதிக்கொள்ளலாம். சட்டம் அவ்வாறு கருதவில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. படத்தோடு இடத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது மேலே கூறப்பட்டது. கூட்டின் இடத்தைச் சொன்னாலோ, மறுநாளே அங்கு இருபது பேர் வந்து நிற்பர். இரண்டுக்கும் ஒரே விதியை வைக்க முடியாது. எண்ணெய்க் கறைபட்ட கூழைக்கடா நின்ற இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஆள்காட்டியின் கூடு இருக்கும் இடத்தை மறைக்க வேண்டும். எது பறவைக்கு உதவும் என்பதே அளவுகோல்.

அழகான படங்களைப் பார்த்துத்தான் பலர் பறவைகளை விரும்பத் தொடங்குகின்றனர் என்பது மறுக்க முடியாத உண்மை. அத்தகைய படங்கள் வேண்டா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பறவையை ஒரே காலையில் இருமுறை எடுக்கலாம்: நெருக்கத்தில் ஒன்று, நிலத்தோடு ஒன்று. இரண்டாவது படத்தில் புகைபோக்கி வரட்டும். பறியை வாயில் கவ்வியபடி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணும் வரட்டும். கூழைக்கடா தின்னும் மீனும் அவர் பிடிக்கும் இறாலும் ஒரே நீரில் வளர்பவை என்பதை அப்படம் சொல்லாமலே சொல்லும்.

உயர்தர 600 மில்லிமீட்டர் வில்லையின் விலை பல இலட்சம் ரூபாய். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் படிக்கும் மாணவர்கள் அதை நினைத்துப் பெருமூச்சு விடத் தேவையில்லை. எளிய இருகண் நோக்கியும் ஒரு குறிப்பேடும் போதும். பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் ஒளிப்படம் கட்டாயமில்லை. எந்தப் பறவை, எத்தனை, எந்த இடம், எத்தனை மணிக்கு என்பவையே கேட்கப்படுகின்றன. முகத்துவாரத்தின் பாலத்தருகே வாரந்தோறும் ஒரே இடத்தில் நின்று, ஓதம் ஏறும் வேளையையும் வற்றும் வேளையையும் உடன் குறித்து, ஆண்டு முழுவதும் எண்ணிவைத்த ஒரு மாணவரின் குறிப்பேடு, அடுத்தமுறை கழிமுகத்து நீர் கருக்கும்போது, அதற்கு முன்பு அங்கு என்னென்ன பறவைகள் இருந்தன என்ற கேள்விக்கு விடை தரும்.